உடம்பு போடும் கணக்கு

('உடம்பைக் காப்பது உடம்பின் அறிவா? நம்முடைய அறிவா?' என்ற பட்டிமன்றத்தில் 'உடம்பின் அறிவே' என்ற அணியில் பேசியது)

எதிரணி அம்மா ஏர்கண்டிஷனர் பெருமையை ஒரே மூச்சில் பேசிவிட்டுப் போனாங்க. பேசி முடிச்சதும் கைக்குட்டையால நெற்றியைத் துடைச்சாங்க. நான் பார்த்துட்டேன்! (சிரிப்பு) அந்த வேர்வைதான் ஐயா என்னுடைய முதல் சாட்சி.

1774-ல் லண்டன்ல சார்லஸ் பிளாக்டன்னு ஒரு டாக்டர். நண்பர்களோட சேர்ந்து ஒரு அறையைச் சூடேத்தி உள்ளே போனார். தண்ணீர் கொதிக்கிறது 100 டிகிரி. அந்த அறையில 120-க்கும் மேல! கூடவே முட்டையும் மாட்டிறைச்சியும் வச்சிருந்தாங்க. முட்டை 20 நிமிஷத்துல கெட்டியா வெந்துடுச்சு. இறைச்சியும் வெந்துபோச்சு. டாக்டர் மட்டும் வேகலை! சில நிமிஷம் இருந்துட்டு, தன் காலாலேயே நடந்து வெளியே வந்தார். (கைதட்டல்)

எப்படி? அங்கேயே ரெண்டு பாத்திரத்துல தண்ணீர் வச்சுப் பார்த்தாங்க. ஒண்ணுல மேலாக எண்ணெய் ஊத்தினாங்க. எண்ணெய் மூடின தண்ணீர் கொதிச்சது. திறந்திருந்த தண்ணீர் கொதிக்கவே இல்லை. ஆவியாகிற தண்ணீர், சூட்டையும் கையோட கூட்டிட்டுப் போயிடுது. வேர்வை செய்யற வேலையும் அதுதான். (அங்கே வறண்ட காற்று. நம்ம சென்னையில காற்றே ஈரம். வேர்வை ஆவியாகாம சட்டையைத்தான் நனைக்குது!)

மூளைக்குள்ளே ஹைப்போதலாமஸ்னு ஒரு சின்ன இடம். உடம்புச் சூட்டை 37-ஐ ஒட்டி நிறுத்துறது அது. ரத்தத்துல உப்பு கொஞ்சம் கூடினாலும் தாகத்தைக் கிளப்பும். 'தண்ணீரை விட்டுடாதே'ன்னு சிறுநீரகத்துக்கு ஹார்மோன் வழியா ஆள் அனுப்பும். அந்தச் சிறுநீரகம் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டி, ஒண்ணு ரெண்டு லிட்டர் போக மிச்சத்தை ரத்தத்துக்கே திருப்பித் தருது. நம்ம வீட்டுல சம்பளக் கவரை இப்படித் திருப்பித் தர்றவர் யாராவது உண்டா? (சிரிப்பு)

சரி, நம்ம அறிவு என்ன செய்யுது? ஜவுளிக்கடையில நாள் முழுக்க நின்னு புடவை எடுத்துப் போடற பொண்ணைக் கேளுங்க. "தண்ணியே குடிக்கிறதில்லைக்கா. குடிச்சா பாத்ரூம் போகணும், மூணு மாடி இறங்கணும், சூப்பர்வைசர் முறைப்பாரு" என்பாள். பள்ளிக்கூடம் போன பெண் குழந்தையோட தண்ணீர் பாட்டில் நிறைஞ்சபடியே வீடு திரும்புது. கேட்டா, "அங்கே பாத்ரூம் நாறுதும்மா!"

உடம்பு 'கொடு'ங்குது, அறிவு 'பொறு'ங்குது. பொறுத்துப் பொறுத்து நீர்க்கடுப்பு வருது, சிறுநீரகத்துல கல் வருது. வேர்க்கணும்னா தண்ணீர் வேணும் ஐயா. அந்தத் தண்ணீரை ஒரு பெண் தைரியமாக் குடிக்கணும்னா, பக்கத்துல சுத்தமான கழிப்பறை வேணும்!

ஏர்கண்டிஷனரைக் கண்டுபிடிச்ச அறிவுக்கு, அது ஓடுற கடையிலேயே அந்தப் பொண்ணுக்கு ஒரு கழிப்பறைக் கதவைத் திறந்துவிடத் தெரியலையே, ஏன்? எதிரணியிலிருந்து அடுத்து வர்றவங்க இதுக்குப் பதில் சொல்லட்டும். (கைதட்டல்)