ஒரே அரண்மனை, இரண்டு அரசர்கள்



வேதத்தைக் கேட்பவரின் மனம் எப்படி இருக்க வேண்டும் என்று பேச அழைத்திருக்கிறீர்கள். எருசலேம் அரண்மனையில் ஒரு தகப்பன் கேட்ட விதத்தையும் அவன் மகன் கேட்ட விதத்தையும் உங்கள்முன் வைக்கிறேன்.

தகப்பன், யூதாவின் அரசன் யோசியா. கி.மு. 622 வாக்கில் அவனுக்கு 26 வயது. ஆலயத்தைப் பழுதுபார்க்கத் தச்சரையும் கொத்தரையும் ஏவியிருந்தான். அந்த வேளையில்தான் பிரதான ஆசாரியர் இல்க்கியாவின் கையில் நியாயப்பிரமாண நூல் கிடைத்தது. எழுத்தர் சாப்பான் வாசிக்க வாசிக்க, அரசன் தன் ஆடையைக் கிழித்துக்கொண்டு அழுதான்.

அவன் கெட்டவன் அல்ல, அன்பர்களே! 'ஆலயத்தைப் புதுப்பிக்கிறவன் நான். பாவம் செய்தவர்கள் என் பாட்டனும் தகப்பனும்' என்று சொல்ல அவனுக்கு இடம் இருந்தது. சொல்லவில்லை. நல்லவன் என்று பேரெடுத்தவன் தலைகுனிவது எவ்வளவு கடினம்!

மகன் யோயாக்கீம். சுமார் 18 ஆண்டுகள் கழித்து, குளிர்கால அரண்மனையில் கணப்பின்முன் உட்கார்ந்திருக்கிறான். தீர்க்கதரிசி எரேமியா சொல்ல, அவருடைய எழுத்தர் பாருக்கு எழுதிய சுருளை யெகுதி என்பவன் வாசிக்கிறான். மூன்று நான்கு பத்தி முடிந்ததும் அரசன் கத்தியால் அந்தப் பகுதியை அறுத்து நெருப்பில் போடுகிறான். சுருள் தீரும்வரை இதுதான் நடந்தது. வேண்டாம் என்று மன்றாடியவர்களில் ஒருவர் கெமரியா, அதே சாப்பானின் மகன். அவர் தகப்பன் வாசித்தபோது அரசனின் ஆடை கிழிந்தது. இவர் கண்ணெதிரே வேதமே அறுபட்டது. யோயாக்கீமின் காதில் குறையில்லை, ஐயா. அவனும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

யோசியாவிடம் திரும்புவோம். என் நெஞ்சைத் தைக்கும் இடம் இனிதான் வருகிறது. தீர்க்கதரிசி உல்தாள் அம்மையாரிடம் அவன் ஆள் அனுப்பினான். நகரத்துக்கு வரும் தண்டனை நீங்காது, நீ உன்னைத் தாழ்த்தியதால் உன் நாளில் அதைக் காணமாட்டாய் என்று பதில் வந்தது. இப்படி ஒரு செய்தி வந்தபோது அவன் கொள்ளுப்பாட்டன் எசேக்கியா, தன் நாளில் சமாதானம் இருக்கும் என்று ஆறுதலடைந்தான். யோசியா அதோடு நிற்கவில்லை. தண்டனை மாறாது, தன் உயிருக்கும் பயமில்லை என்று தெரிந்த பிறகு, பேரம் பேச ஒன்றுமே மிச்சமில்லாத நிலையில், வேலையைத் தொடங்கினான். சிறியோர் பெரியோர் எல்லாரையும் ஆலயத்தில் கூட்டி அந்த நூலை வாசித்தான். உடன்படிக்கை செய்தான். பாகால் என்ற அந்நியத் தெய்வத்துக்கென்று ஆலயத்துக்குள் வைத்திருந்த பொருள்களைக் கீதரோன் வெளியில் சுட்டெரித்தான். நியாயாதிபதிகள் காலம்தொட்டு அதுவரை யாரும் ஆசரித்திராத ஒரு பஸ்கா பண்டிகையை அந்த ஆண்டே எருசலேமில் ஆசரித்தான்.