வடக்கன்குளம்: ஒரு பீடம், இரண்டு கூடங்கள்

திருநெல்வேலி மாவட்டத்தின் தென்பகுதியில், கன்னியாகுமரிக்குப் போகும் வழியில் உள்ள ஊர் வடக்கன்குளம். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இங்கே இயேசு சபையாரின் பங்கு இருந்தது. திருவிதாங்கூர் அரசில் பணியாற்றிய நீலகண்டப் பிள்ளை 1745-இல் இங்குதான் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 2022-இல் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது.

கட்டடக்கலை வரலாற்றில் இந்த ஊருக்கு இடம் கிடைத்தது, 1872-இல் எழுந்த திருக்குடும்ப ஆலயத்தால். கத்தோலிக்கக் கோயிலில் வழக்கமாக நீண்ட நடுக்கூடம் ஒன்றுதான் இருக்கும்; அதன் முடிவில் பலிபீடம். சபை முழுவதும் ஒரே கூட்டமாக அந்தப் பீடத்தை நோக்கி நிற்கும். வடக்கன்குளத்திலோ கூடங்கள் இரண்டு. தனித்தனியே நீண்டு வரும் அவை ஒரே பலிபீடத்தில் வந்து கூடுகின்றன. அன்று இடையில் தடுப்புச்சுவர் இருந்தது. பூசை ஒன்று, பீடம் ஒன்று. ஆனால் ஒரு கூடத்தில் முழந்தாளிட்டவர் அடுத்த கூடத்தில் இருப்பவரைக் காண முடியவில்லை.

காரணம் சாதி. ஒரு பக்கம் பிள்ளைமாரும் முதலிமாரும். மறுபக்கம் எண்ணிக்கையில் மிகுந்த நாடார்கள். இந்தப் பிரிவினை 1872-இல் திடீரென்று முளைத்ததல்ல. இயேசு சபையாரின் மதுரை மிஷனில் பதினேழாம் நூற்றாண்டிலேயே உயர்சாதியாருக்கு ஒரு குரு, மற்றவர்களுக்குப் பண்டாரசாமி எனப்பட்ட வேறு குரு என்று பணியைப் பிரித்திருந்தார்கள். பல கோயில்களில் கிராதி வைத்து இடம் பிரிக்கப்பட்டது. ஆனால் கிராதியை ஒரு நாளில் கழற்றிவிடலாம். வடக்கன்குளத்தில் பிரிவினை அடித்தளத்திலேயே கட்டப்பட்டுவிட்டது. இரு தரப்பாரின் சண்டைக்குத் தீர்வாகக் கண்ட அந்தச் சமரசம், ஒரு தரப்பின் தீட்டு எண்ணத்துக்குக் கல்லாலும் சுண்ணாம்பாலும் தரப்பட்ட ஒப்புதலாகவும் அமைந்தது. இக்கோயிலின் அமைப்பை வெறும் கட்டடத் திறமையாகப் பார்ப்பது போதாது.

நாடார்கள் கல்வியிலும் வணிகத்திலும் உயர்ந்துவந்த காலத்தில் அந்தச் சுவர் பொறுக்க முடியாததாயிற்று. 1910-ஐ ஒட்டி, கௌசானல் அடிகளார் இங்கே பணியாற்றிய காலத்தில், திருச்சிராப்பள்ளி ஆயர் பார்த் ஆண்டகையின் அதிகாரத்தின் கீழ் அது அகற்றப்பட்டது. சுவர் எங்கள் உரிமை என்று பிள்ளைமாரும் முதலிமாரும் வழக்குத் தொடர்ந்தார்கள். வழக்கு மதராஸ் உயர் நீதிமன்றம் வரை போனது.

மைக்கேல் பிள்ளை வழக்கு என்று சட்ட நூல்களில் அறியப்படும் அந்த வழக்கின் மையக் கேள்வி, கிறிஸ்தவ ஆலயத்துக்குள் சாதியின் பேரில் தனியிடம் கேட்கச் சட்டத்தில் இடம் உண்டா என்பது. இல்லை என்று நீதிமன்றம் தீர்த்தது. தீட்டு என்ற காரணம் கத்தோலிக்க வழிபாட்டில் செல்லாது என்றும், கோயிலின் உள்ளமைப்பை முடிவுசெய்யும் அதிகாரம் திருச்சபைக்கே உரியது என்றும் ஆயிற்று. சுவர் திரும்ப எழவில்லை. இரு கூடங்களும் ஒரே சபைக்கு உரியவையாயின.