துடைத்தும் நீங்காத மென்பொருள்

2004ஆம் ஆண்டுக் கடற்பேரலை கிழக்குக் கரையோரக் கிணறுகளை உவராக்கியபோது, மக்கள் அவற்றை இறைத்துத் துப்புரவு செய்தனர். ஆயினும் பல கிணறுகளில் மீண்டும் உவரே ஊறிற்று. உப்பு, சுற்றியிருந்த மணலிலும் தங்கிவிட்டது. புதுக்கணனியில் தாம் கேளாத மென்பொருள்களைக் களைய முற்படுவோர்க்கும் இவ்வாறே நேர்வதுண்டு.

கோமாரி மாணவர் ஒருவர் கல்முனைக்குச் சென்று மடிக்கணனி வாங்கி வருகிறார் என்று கொள்வோம். திறந்ததும், சில நாளைக்கு மட்டும் இலவசமான வைரஸ் தடுப்பான், விளையாட்டுகள், விளம்பரங்கள் ஆகியன வரிசையாக எழுகின்றன. காசு கொடுத்துப் போட்ட டேட்டாவும் இவற்றால் கரைகிறது. ரீசெட் செய்தால் யாவும் போய்விடும் என்பர் நண்பர். பெரும்பாலும் போவதில்லை. ரீசெட் என்பது கணனியைத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நிலைக்குத் திருப்புவது. அந்நிலையை வகுத்தவரோ உற்பத்தியாளர். தம் மென்பொருள்களை அவர் மீட்புப் பகுதியிலும் வைத்திருப்பார். துடைத்த பின் அவை அங்கிருந்தே திரும்பி வரும்.

இதனை வெறுந் தொல்லையென்று தள்ளிவிடுதல் தகாது. 2014இன் பிற்பகுதியில் லெனோவோ நிறுவனம் தன் மடிக்கணனிகள் சிலவற்றில் சுப்பர்ஃபிஷ் என்னும் விளம்பர மென்பொருளைப் பதித்து விற்றது. வங்கித் தளத்துடன் நடைபெறும் மறைகுறித் தொடர்பையும் இடைநின்று திறக்கவல்லது அது. போதாக்குறைக்கு, எல்லாக் கணனிகளிலும் ஒரே இரகசியத் திறவுகோலே இருந்தது. 2015 பெப்ரவரியில் ரொபர்ட் கிரகாம் என்னும் பாதுகாப்பு ஆய்வாளர் அதன் கடவுச்சொல்லைக் கண்டுபிடித்துவிட்டார். ஒரே வைஃபையில் இருக்கும் கள்வனொருவன், வங்கியின் வேடம் பூணுவதற்கு வேறென்ன வேண்டும்?

அதே ஆண்டில் இதனினும் வியப்பான செய்தியொன்று வெளிப்பட்டது. வின்டோஸைப் புதிதாக நிறுவிய பின்னரும் லெனோவோவின் மென்பொருளொன்று சில கணனிகளில் தானே மீண்டும் முளைத்தது. அதன் வித்து, வன்தட்டில் அன்று, தாய்ப்பலகையிலுள்ள பயொஸ் சில்லில் இருந்தது. திருட்டுப்போன கணனியைத் தேடும் மென்பொருள் போன்றவை அழியாதிருத்தற்கென மைக்ரோசொஃப்ட் திறந்துவைத்த வாயில் அது. நல்ல நோக்கந்தான், ஆனால் வாயில் வழியே வருபவரெல்லாம் காவற்காரர் அல்லரே! லெனோவோ பின்னர் பயொஸைத் திருத்தி அதனை நீக்கிற்று. சுப்பர்ஃபிஷ் விவகாரத்திலும் 2017இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துடன் உடன்பாட்டுக்கு வந்தது.

அப்படியாயின் மாணவர் செய்யத்தக்கது யாது? ரீசெட் செய்கையில், முன்னர் நிறுவிய செயலிகளை மீட்கவா என்று கணனி கேட்டால், வேண்டாம் என்க. அக்கேள்வி எழாவிடின், மைக்ரோசொஃப்ட் தளத்திலிருந்து வின்டோஸை 8 ஜிபி பென் டிரைவில் இறக்கி, வன்தட்டின் பகுதிகளை அழித்துப் புதிதாக நிறுவலாம். முறையான வின்டோஸுடன் வந்த கணனியாயின் உரிமத்தை இணையத்திற் சேர்ந்ததும் தானே அறிந்துகொள்ளும். அதன் பின்னும் ஏதேனும் முளைப்பின் பயொஸை ஆராய்தல் வேண்டும்.

துடைக்குமுன், சொந்தக் கோப்புகளுடன் வைஃபை இயக்கியையும் உற்பத்தியாளர் தளத்திலிருந்து எடுத்து வைத்தல் நன்று. அஃதின்றேல், சுத்தமான கணனி இணையமின்றி நிற்கும். மாணவர் மறுபடி கல்முனைக்குப் பஸ் ஏற நேரிடும்.