பத்திரிகைத் துறையில் மேம்பட்ட மகளிர்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



பத்திரிகைத் துறையில் மேம்பட்ட மகளிரின் வாழ்க்கையினின்று நாம் கற்கத்தக்கன யாவை என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு நம் சங்கச் செயலாளர் எம்மைப் பணித்தார். யாம் பள்ளிப் பிள்ளைகட்கு இலக்கணமும் இலக்கியமும் கற்பித்துக் காலங்கழிப்பவரேயன்றிப் பத்திரிகைத் தொழிலை அறிந்தவர் அல்லோம். ஆயினும், இப்பொருள் தொடர்பாக எமக்குத் தீராத கடன் ஒன்று உண்டு. அஃது இன்னதென்பதைப் பின்னர்க் கூறுவோம். பத்திரிகை என்று யாம் ஈண்டுக் கூறுவது அச்சிட்ட தாளை மட்டுமன்று. வானொலியும், நிழற்படமும், கைபேசி வழியே வரும் செய்தியும் அதனுள் அடங்கும் எனக் கொள்க.

முதற்கண் நம் தமிழ்நாட்டு அம்மையார் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வை. மு. கோதைநாயகி அம்மாள் 1901-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் நாளிற் பிறந்தவர். ஐந்தரை வயதில் அவருக்கு மணம் முடிந்துவிட்டது. பள்ளிக்கூடத்து வாயிற்படியை அவர் மிதித்தவரல்லர். ஆனால், அவர் கணவர் பார்த்தசாரதி என்பார் மனைவியின் கலையார்வத்தைக் கண்டு அதனை அவிக்காது வளர்த்தார். நாடகங்கட்கும் உடனழைத்துச் சென்றார். அவற்றைக் கண்டு களித்த அம்மையார், தாமும் ஒரு நாடகம் இயற்றவேண்டும் என்று விழைந்தார். எழுதும் பழக்கமோ அந்நாளில் அவருக்குக் கைவரவில்லை. எனவே, அவர் சொல்லச்சொல்லத் தோழி ஒருவர் எழுதினார். இங்ஙனம் பிறந்ததே 1924-இல் வெளிவந்த ‘இந்திர மோகனா’ என்னும் நாடகம்.

மறு ஆண்டே, அஃதாவது 1925-இல், நின்றுபோயிருந்த ‘ஜகன்மோகினி’ என்னும் மாத இதழைத் தம் பொறுப்பில் ஏற்று நடத்தலானார். பெண்ணொருத்தி பத்திரிகை நடத்துவதா என்று ஊரார் ஏசினர், எள்ளி நகையாடினர். அவரோ ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் அவ்விதழை நடத்தினார், நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதினார், மேடையேறிப் பேசினார், இன்னிசையும் பாடினார். 1930-களின் முற்பகுதியில் விடுதலைப் போராட்டத்து மறியல்களில் ஈடுபட்டுச் சிறையும் புகுந்தார். அக்காலத்துச் சென்னை மாகாணத்துப் பெண் சத்தியாக்கிரகிகள் பலரை அடைத்து வைத்தது நம் வேலூர்ச் சிறையிலே என்பதை நம் இளைஞர் பலர் அறியார். அம்மையார் 1960-இல் காலமானார்.

இவ்வரலாற்றைக் கூறுவோர், ‘அம்மையாரின் விடாமுயற்சியைப் பாரீர்!’ என்று பெண்மக்கட்கு எடுத்துக்காட்டி முடித்துவிடுவர். முயற்சி பெரிது என்பதில் ஐயமில்லை. ஆனால், யாம் இதனை மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்த்தபொழுது வேறொன்று எம் கண்ணிற் பட்டது. சொன்னவர் ஒருவர், எழுதிக்கொடுத்த தோழி ஒருவர், குறுக்கே நில்லாத கணவர் ஒருவர். இம்மூவருள் பின்னிருவர் இல்லையாயின், அம்மையாரின் திறமை அடுப்பங்கரையிலேயே அடங்கிப்போயிருக்கும். ஆகவே, இவ்வரலாற்றிற் பெண்கள் கற்கவேண்டியதினும், ஆண்களாகிய நாம் கற்கவேண்டியது மிகுதி என்க.

இனி நிழற்படத் துறைக்கு வருவோம். ஹோமாய் வியாரவாலா என்னும் பார்சிப் பெண்மணி 1913-இல் குஜராத்து நாட்டு நவசாரியிற் பிறந்தவர். இந்தியாவின் முதற் பெண் பத்திரிகை நிழற்படக்காரர் என்று போற்றப்படுபவர். 1947-இல் நாடு விடுதலையுற்ற காட்சிகளையும், நாட்டின் தலைவர்களையும் படமெடுத்தவர். அவர் எடுத்த தொடக்ககாலப் படங்கள் எவர் பெயரால் அச்சேறின என்று நினைக்கின்றீர்கள்? அவர் கணவர் பெயரால்! பெண்ணொருத்தியின் பெயரை இட்டால் மதிப்பாரில்லை என்னும் காலம் அது. 2011-இல் நம் அரசு அவருக்குப் பத்மவிபூஷண் விருது அளித்தது. மறு ஆண்டு தம் தொண்ணூற்றெட்டாம் வயதில் அவர் மறைந்தார். உழைப்பு ஒருவருடையதாகவும் பெயர் மற்றொருவருடையதாகவும் இருப்பது நம் வீடுகளிலும் காண்பதே. அதனை இங்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

வானொலியை நினைந்தால், நம்மவர் செவியில் இன்றும் ஒலிப்பது சரோஜ் நாராயணசுவாமி அம்மையாரின் குரல். தில்லி வானொலி நிலையத்தினின்று பல்லாண்டுகள் தமிழிற் செய்தி வாசித்தவர். 2022 ஆகஸ்டுத் திங்களில் மும்பையிற் காலமானார். எம் இளமையில், அக்குரல் கேட்டவுடன் வீட்டிலுள்ள பெரியோர் பேச்சை நிறுத்திவிடுவர். பெண்ணின் சொல்லுக்கு வீடு முழுதும் வாய்மூடிச் செவிசாய்த்த வேளை, அந்நாளில் அஃதொன்றே எனலாம். திருந்திய உச்சரிப்பும், ஆரவாரமற்ற நடையும், நாள் தவறாத கடமையுமே அம்மையாரை அவ்விடத்தில் நிறுத்தின.

‘இவர்களெல்லாம் பெரிய நகரங்களில் வாழ்ந்தவர்கள்; நம் சிற்றூர்ப் பெண்கட்கு இஃது இயலுமா?’ என்று வினவுவோர் இவ்வவையில் இருக்கலாம். அவர்கட்கு விடையாக ஒரு செய்தி கூறுவோம். உத்தரப்பிரதேசத்தில் சித்திரகூடம் என்னும் மாவட்டம் வறுமை மிகுந்தது. அங்கே 2002-ஆம் ஆண்டில் நாட்டுப்புறப் பெண்கள் சிலர் கூடி, ‘கபர் லஹரியா’ என்னும் செய்தித்தாளைத் தங்கள் வட்டார மொழியாகிய புந்தேலியில் வெளியிட்டனர். அவர்களுட் பலர் ஒடுக்கப்பட்ட குடிகளிற் பிறந்தவர். கல்வியறிவு குறைந்த குடும்பத்தினர். செய்தி திரட்டியவரும் அவர்களே; எழுதியவரும் அவர்களே; ஊரூராக நடந்து தாளை விற்றவரும் அவர்களே. வராத குடிநீரையும், போடாத சாலையையும், பெண்கட்கு இழைக்கப்பட்ட கொடுமைகளையும் அஞ்சாது எழுதினர். 2009-இல் யுனெஸ்கோ நிறுவனத்தின் எழுத்தறிவுப் பரிசு அவர்கட்குக் கிடைத்தது. பின்னர்த் தாளை விடுத்துக் கைபேசி வழியே செய்தி அளிக்கலாயினர். அவர்களைப் பற்றி 2021-இல் வெளிவந்த ஆவணப்படம் ஆஸ்கர் பரிசுக்குரிய பட்டியலிலும் இடம்பெற்றது. நம் பெண்மக்கட்கோ பள்ளியுண்டு, பேருந்துண்டு, கல்லூரியுண்டு. இல்லாதது யாதென்று நாமே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அன்பர்களே! நம் வட்டாரத்தை நோக்குவோம். 2019-இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்களாகப் பிரிந்தபோதிலும், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்னும் ஊர்களையெல்லாம் ஒன்றாகக் கட்டி வைத்திருப்பது தோல் தொழிலே. விடியற்காலையில் நெடுஞ்சாலையில் நின்று பாருங்கள்: ஷூ கம்பெனி வண்டிகள் வரிசையாகச் செல்லும், அவற்றில் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் நம் பெண்மக்களே. கடல் கடந்த நாட்டினர் காலில் அணியும் காலணிகளில் அவர்கள் கைத்தையல் இருக்கின்றது. அத்தொழிலை யாம் இழித்துரைக்கவில்லை. எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு அவ்வூதியத்தால் எரிகின்றது. எத்தனையோ தம்பியர் அக்காளின் சம்பளத்தாற் படித்துப் பட்டம் பெற்றனர்.

ஆனால் ஒன்று கேட்கின்றோம். பத்திரிகைத் தொழில் என்றவுடன், ‘இரவு வேளையில் வேலை, ஆடவரோடு பழகவேண்டும், கண்காணாத ஊர், ஊரார் என்ன சொல்லுவார்?’ என்று தடுக்கின்றோமே, கம்பெனி வண்டியிலிருந்து இருட்டிய பின் இறங்கிவரும் பெண்ணைக் குறித்து அங்ஙனம் நாம் கேட்டதுண்டா? இல்லை. ஏனெனில், அவள் கொண்டுவரும் சம்பளம் வீட்டிற்கு வருகின்றது. நம் அச்சம் அவள் பாதுகாப்பைப் பற்றியதாயின், அஃது இரண்டு தொழிற்கும் பொதுவாய் இருத்தல் வேண்டும். பத்துப் பேரும் அதற்கு மேலும் பணிசெய்யும் இடங்களில், பாலியல் துன்புறுத்தல் பற்றிய முறையீடுகளை விசாரிக்கக் குழு அமைத்தல் வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கின்றது. அது பத்திரிகை அலுவலகத்திற்கும் உரியது, தொழிற்சாலைக்கும் உரியது. மகளைக் காக்க விரும்பும் தந்தை அச்சட்டத்தை அறிந்துகொள்ளட்டும். மகளைப் பூட்டி வைக்க வேண்டுவதில்லை.

இனி, தொடக்கத்திற் குறித்த எம் கடனைக் கூறுவோம். பல ஆண்டுகட்கு முன் எம்மிடம் பன்னிரண்டாம் வகுப்பிற் பயின்ற மாணவி ஒருத்தி, பாலாற்றைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். யாம் அளித்த தலைப்பு ‘ஆற்றின் பயன்’ என்பது. ஏனைய பிள்ளைகள் நூலிற் கண்டதை எழுதினர். அவளோ, தன் பாட்டி ஆற்றுமணலில் ஊற்றுத் தோண்டிக் குடிநீர் முகந்த இடத்தையும், அதே இடத்தில் அந்நாள் நுரைத்து நாறிய நீரையும், அந்நீரைக் குடித்த மாட்டைத் தன் தந்தை விரட்டியதையும் எழுதியிருந்தாள். 1991-இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தார் வழக்குத் தொடுத்ததையும், மாசுபடுத்தியவரே அதற்கு ஈடுசெய்தல் வேண்டும் என்று 1996-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் யாரையோ கேட்டறிந்து சேர்த்திருந்தாள். அதனை யாம் வகுப்பில் உரக்கப் படித்தோம்.

தேர்வு முடிந்த பின் அவள் எம்மிடம் வந்து, சென்னையில் இதழியல் படிக்க விரும்புவதாகவும், தன் தந்தையாரிடம் ஒரு சொல் சொல்லவேண்டும் எனவும் கேட்டாள். சில நாளில் அவள் தந்தையாரே எம் இல்லத்திற்கு வந்தார். ‘ஐயா, நீங்கள் சொன்னால் அனுப்புகிறேன்’ என்றார். யாம் என்ன சொன்னோம்? ‘அவ்வளவு தொலைவு எதற்கு? காலம் கெட்டுக் கிடக்கின்றது. வேறு ஏதேனும் பார்த்துக்கொள்ளலாம்’ என்றோம். அவர் மனம் அமைதியுற்றது. அம்மாணவி ஷூ கம்பெனிக்குச் சென்றாள்.

சென்ற ஆண்டு ஆம்பூர்ப் பேருந்து நிலையத்தில் அவளைக் கண்டோம். கையில் ஒரு சிறுமியைப் பிடித்திருந்தாள். எம்மைப் பணிந்து வணங்கி, நலம் உசாவிய பின், ‘ஐயா, இப்பொழுதும் பிள்ளைகளைக் கட்டுரை எழுதச் சொல்கின்றீர்களா?’ என்றாள். அதில் குறைகூறும் தொனி சிறிதும் இல்லை, அன்போடு கேட்டாள். ஆயினும் அவ்வினா எம் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. கட்டுரையை மெச்சிப் படித்த நாமே அதனை எழுதிய கைக்கு வழிமறித்தோம் அன்றோ? கோதைநாயகி அம்மையாரின் தோழி எழுதுகோலை எடுத்தார். யாமோ அதனைப் பிடுங்கி வைத்தோம். அக்கடனை அம்மாணவிக்கு இனித் திருப்பிச் செலுத்த இயலாது. பிறர்க்கேனும் செலுத்துவோம் என்றே இன்று இம்மேடையில் நிற்கின்றோம்.

ஆதலின், சங்கத்தாரிடம் மூன்று வேண்டுகோள் விடுக்கின்றோம்.

முதலாவது: நம் சங்கத்து மாத வெளியீட்டில் இதுகாறும் வந்த கட்டுரைகளைப் புரட்டிப் பார்த்தோம். எழுதியோர் அனைவரும் ஆடவரே. இனித் திங்கள்தோறும் இரண்டு பக்கங்களை மகளிர்க்கென ஒதுக்குக; அவற்றிற்கு ஆசிரியர் ஒரு பெண்மணியாகவே இருக்க. கோலமும் சமையலும் எழுதுவோர் எழுதட்டும். கம்பெனி வேலையையும் குடிநீரையும் பற்றி எழுதுவோரும் எழுதட்டும். எழுத்துப்பிழை திருத்தும் பணியை யாம் ஏற்றுக்கொள்கின்றோம். கருத்தைத் திருத்தும் பணி எவர்க்கும் வேண்டா.

இரண்டாவது: எழுதுவோர் பெயரை, ‘இன்னாரின் மனைவி’ என்றும் ‘இன்னாரின் மகள்’ என்றும் இடாது, அவரவர் பெயராலேயே அச்சிடுக.

மூன்றாவது: சங்கத்துக் கல்வி நிதியினின்று, வெளியூர் சென்று தாம் விரும்பிய துறையிற் பயிலும் பெண்ணொருத்திக்கு ஆண்டுதோறும் விடுதிச் செலவு அளிக்க ஏற்பாடு செய்க. எம் ஒரு திங்கட் சம்பளத்தை இதன் முதற் கொடையாக இன்றே பொருளாளரிடம் ஒப்படைக்கின்றோம்.

தாய்மார்களே! உங்களிடமும் ஒன்று கூறி முடிக்கின்றோம். உங்கள் மகள் ஒரு தாளில் ஏதேனும் எழுதிக்கொண்டிருப்பதைக் கண்டால், ‘அடுப்பைப் பார்’ என்று உடனே அழைத்துவிடாதீர்கள். சற்றுப் பொறுத்து, அவள் எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். எழுத இயலாத தாயாயின், நீங்கள் சொல்லுங்கள், மகள் எழுதட்டும். ‘ஜகன்மோகினி’யை நடத்திய அம்மையாரும் அங்ஙனமே தொடங்கினார்.