கப்பலில் குடியிருந்து கற்ற பாடம்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



ஐந்து நிமிஷம்தான் கொடுத்திருக்கிறார்கள். அதனால் நேராகக் கப்பலுக்கே போய்விடுகிறேன்.

2018 ஜனவரியில் நானும் என் மனைவியும் லட்சத்தீவு போனோம். கொச்சியிலிருந்து 'எம்.வி. கவரத்தி' கப்பல். சுமார் 700 பேர் போகலாம். ஐந்து நாள் அதுதான் வீடு. ராத்திரி கப்பல் ஓடும், நாம் தூங்குவோம். விடிந்தால் ஒரு தீவு. பவளத் திட்டு இருப்பதால் கப்பல் கரைக்கு வராது, தள்ளியே நிற்கும். சின்னப் படகில் இறங்கிப் போய், சாயங்காலம் திரும்பிவிட வேண்டும். கவரத்தி, கல்பேனி, மினிக்காய் என்று மூன்று தீவுகள். 29சி பஸ்ஸில் தொங்கிப் படித்தவர்களுக்குப் படகில் தாவுவது பெரிய விஷயமில்லை. அந்த அமைதி பழகத்தான் இரண்டு நாள் ஆயிற்று!

கல்பேனியில் கடலில் ஆடிவிட்டு, உப்புப் போக ஒரு வீட்டுக் கிணற்றடியில் வாளி வாளியாக மொண்டு ஊற்றிக்கொண்டேன். அந்த வீட்டுப் பெரியவர் மெதுவாக, "மதி மோனே" என்றார். போதும்ப்பா என்று அர்த்தம். கோபமே இல்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. "மன்னிச்சுக்குங்க ஐயா" என்றேன். அதிகம் இறைத்தால் உப்பு ஏறிவிடும் என்று மலையாளத்தில் விளக்கினார்.

அன்றிரவு கப்பல் மேல்தளத்தில் உட்கார்ந்து யோசித்தேன். நாம் படித்த ஆர்க்கிமிடீஸ்தான். மணலில் இறங்கும் மழைநீர், கனமான கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் நிற்கும். மேலே கொஞ்சம் குறைந்தால், கீழிருந்து உப்பு பல மடங்கு ஏறும். அந்தக் குட்டித் தீவுகளில் இருப்பதே மெல்லிய நன்னீர்ப் படலம்.

இதனால்தான் நம் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2005-ல் கவரத்தியில் ஒரு நிலையம் அமைத்தது. வெதுவெதுப்பான மேற்பரப்புக் கடல்நீரை அழுத்தம் குறைந்த அறைக்குள் விட்டால், அடுப்பில்லாமலே ஒரு பகுதி ஆவியாகும். சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து வரும் குளிர்ந்த நீர் அந்த ஆவியைக் குடிநீராக்கும். தினம் 1 லட்சம் லிட்டர். 2011-ல் மினிக்காய், அகத்தியிலும் வந்தது.

அடுத்த வருஷமே, 2019 கோடையில், சென்னையின் ஏரிகள் வறண்டன. பெசன்ட் நகரில் எங்கள் குடியிருப்பில் கூட்டம் போட்டார்கள். "இன்னும் ஆழமா போர் போடலாம்" என்றார்கள். நம்மதும் கடலோர மணல்தானே? எழுந்து பெரியவர் கதையைச் சொன்னேன். "கப்பல்ல போயிட்டு வந்து பாடம் நடத்துறியாப்பா?" என்று ஒரு மாமா கேட்டார். சிரித்தார்கள். ஆனாலும் போர் தள்ளிப்போயிற்று. மழைநீர்த் தொட்டியைத் திறந்தால், மூடி மட்டும் இருக்கிறது, உள்ளே முழுக்க மண்! 2003-ல் சட்டத்துக்குப் பயந்து கட்டியது. பொறியாளனான நானும் அதுவரை எட்டிப் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கொரு பாண்டு எடுத்து அள்ளினோம். அந்த மாமாதான் முதலில் இறங்கினார். மழை வந்ததும் பழைய கிணற்றில் தண்ணீர் ஏறியது. உப்புக் கரிக்கவில்லை.

தம்பி, தங்கைகளே, வீட்டுக்குப் போனதும் உங்கள் வீட்டுத் தொட்டி மூடியை ஒருதரம் திறந்து பாருங்கள். குழாயைத் திறக்கும்போது அந்தப் பெரியவர் சொன்ன ஒரு வார்த்தையை நினைத்துக்கொள்ளுங்கள்: மதி.