ஊர் மாறினாலும் கை மறவாதிருக்க
(ஜூபிலி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

ஜூபிலி மேடையில் குங்ஃபூவுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். பங்கு மண்டபத்தில் மாலைப் பயிற்சியை நடத்தி வரும் எங்களிடம் விழாக் குழுவினர் கேட்டுக்கொண்டது இதுதான்: இங்கே இருந்தவரை மழையானாலும் தவறாமல் வந்த பிள்ளைகள், படிப்புக்கென்றும் வேலைக்கென்றும் வெளியூர் போன சில மாதங்களிலேயே பயிற்சியை விட்டுவிடுகிறார்களே, அது ஏன்? விடாமலிருக்க வழியுண்டா? இதைப் பற்றிக் கொஞ்சம் பேசுங்கள் என்றார்கள். கேள்வி நியாயமானது. ஐந்தாறு ஆண்டுகள் வியர்வை சிந்திப் பெற்ற ஒன்று ஒரு பெட்டி படுக்கையோடு ஊர் மாறியதும் கரைந்துபோகிறதென்றால் பெற்றோருக்கு மனம் வலிக்காதா?

குங்ஃபூ என்னும் சீனச் சொல்லுக்குச் சண்டை என்று பொருளில்லை. நெடுநாள் உழைப்பால் கைவந்த திறமைக்கே அப்பெயர். நல்ல சமையற்காரரிடமும் குங்ஃபூ உண்டு, நல்ல எழுத்தரிடமும் உண்டு என்பது சீனர் வழக்கு. ஆசிரியரை அவர்கள் 'சிஃபு' என்பார்கள். குருவும் தகப்பனும் கலந்த சொல் அது. முன்னே சேர்ந்தவர் 'சிஹிங்', அதாவது அண்ணன். பின்னே வந்தவர் 'சிடாய்', தம்பி. ஆக, பயிற்சிக்கூடம் என்பது ஒரு குடும்பம். வெளியூர் போகிற பிள்ளை விட்டுப் போவது பாடத்தை அன்று, இந்தக் குடும்பத்தையே.

எங்கள் எண்ணமெல்லாம் இதைச் சுற்றியே இருக்கிறது. போனவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லக் கேட்கிறோம். அது சரியன்று. இங்கே இருந்தபோது அவர்களுக்கு மன உறுதி அதிகம் தேவைப்பட்டதே இல்லை. மாலை ஆறு மணி அடித்தால் பக்கத்து வீட்டுப் பையன் வாசலில் நின்று கூப்பிடுவான். வராவிட்டால் மறுநாள் அண்ணன்மார் ஏன் என்று கேட்பார்கள். சிறு பிள்ளைகள் பார்க்கிறார்களே என்ற கூச்சமும் உண்டு. மணியும் கூட்டமுமே ஆளை இழுத்துவந்தன. புது ஊரில் அந்த மணியுமில்லை, கூட்டமுமில்லை. பத்துப்பேர் செய்த வேலையைத் தனி ஒருவனின் உறுதி செய்ய வேண்டியதாகிறது. அது முடியாமற் போவதில் வியப்பில்லை. ஆகவே ஊக்கத்தைக் கூட்டுங்கள் என்று நாங்கள் சொல்லப் போவதில்லை. ஊக்கம் குறைவாக இருக்கிற நாளிலும் நடக்கக்கூடிய அளவுக்குப் பயிற்சியைச் சிறிதாக்கிக்கொள்ளுங்கள் என்கிறோம்.

நாம் பயிலும் விங் சுன் பிரிவின் கதையே ஊர் மாறியவர்களின் கதைதான். இப் மேன் என்னும் ஆசிரியர் 1893-இல் தென்சீனத்தின் ஃபோஷான் நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். அங்கே இருந்தவரை கலையைக் கற்றுக்கொடுத்துப் பிழைக்க வேண்டிய நிலை அவருக்கு இருந்ததில்லை. 1949-இல் அரசு மாறியபோது சொத்தையெல்லாம் விட்டுவிட்டு ஹாங்காங் வந்து சேர்ந்தார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பின்னர் எல்லை மூடப்பட்டது. மனைவி மக்கள் அந்தப் பக்கம், இவர் இந்தப் பக்கம். மனைவி 1960-இல் காலமானார். மகன்கள் ஹாங்காங் வந்து சேர 1962 ஆயிற்று. இந்த நிலையில் 1950-இல் உணவகத் தொழிலாளர் சங்கக் கட்டடத்தில் கற்பிக்கத் தொடங்கினார் அவர். மாணவர்களில் பலர் பகலெல்லாம் தட்டு ஏந்திக் களைத்தவர்கள்.

இங்கே ஒரு சிறு செய்தி எங்களை மிகவும் கவர்ந்தது. மூன்று கையும் ஒரு காலும் வைத்த மரக்கம்பத்தில் பயில்வது இப்பிரிவின் வழக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். ஃபோஷானில் அந்தக் கம்பத்தைத் தரையில் புதைத்து நிறுத்துவார்கள். ஹாங்காங்கின் மாடிக் குடியிருப்பில் எங்கே புதைப்பது? அதனால் குறுக்குச் சட்டங்களில் கோத்துச் சுவரோடு தொங்கவிடும் முறை வந்தது. சட்டம் சற்று வளைந்து கொடுப்பதால் அடித்த கைக்கு ஓர் எதிர்த்தள்ளலும் கிடைத்தது. இன்று உலகெங்கும் பரவியிருப்பது அந்த மாடி வீட்டுக் கம்பந்தான். இடமில்லை என்று சொல்லும் விடுதிப் பிள்ளைகள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அவரிடம் பதின்மூன்று வயதளவில் சேர்ந்தவர் புரூஸ் லீ. அவர் படித்தது லசால் சகோதரர்கள் நடத்திய பள்ளியிலும், பிறகு மரிஸ்ட் சகோதரர்கள் நடத்திய புனித பிரான்சிஸ் சவேரியார் பள்ளியிலும் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அந்த இரண்டாவது பள்ளியின் சார்பில்தான் 1958-இல் பள்ளிகளுக்கிடையேயான குத்துச்சண்டையில் வென்றார். 1959-இல் பதினெட்டு வயதில் கப்பலேறி அமெரிக்கா போனார். சியாட்டில் நகரில் ஓர் உணவகத்தின் மேல்மாடியில் தங்கி, கீழே பரிமாறும் வேலை பார்த்தார். அன்று அவர் திரைப்பட நாயகனல்லர். ஆசிரியரை விட்டுப் பிரிந்த, பாடம் முழுமையாக முடியாத ஒரு மாணவன், அவ்வளவுதான். நம் பிள்ளைகளின் நிலை எதுவோ அதுவேதான்.

அவர் என்ன செய்தார்? ஊரிலிருந்து மரக்கம்பம் ஒன்றை வரவழைத்துக்கொண்டார். ஆனால் கம்பம் திருப்பி அடிக்காது. இப்பிரிவின் உயிர்நாடியான 'சி சாவ்' என்னும் கையொட்டும் பயிற்சிக்கு இன்னொருவர் கை வேண்டும். முன்கையோடு முன்கை ஒட்டி, கண்ணால் பார்க்காமல் தோலால் எதிராளியின் எண்ணத்தை அறியும் பயிற்சி அது. அந்த ஊரில் அதை அறிந்த கைகள் இல்லை. ஆகவே ஜெஸ்ஸி குளோவர் என்ற கறுப்பின இளைஞரில் தொடங்கி, வந்தவர்க்கெல்லாம் கற்றுக்கொடுத்தார். சீனரல்லாதவர்க்குக் கற்பிக்கலாமா என்ற முணுமுணுப்பு அந்நாளில் இருந்தது. அவர் பொருட்படுத்தவில்லை. தன்னோடு பயிலத் தகுந்த கைகளைத் தானே வளர்த்துக்கொண்டார் என்றுதான் நாங்கள் இதைப் பார்க்கிறோம். 1963 கோடையில் ஹாங்காங் திரும்பிப் போய்த் தம் ஆசிரியரைக் கண்டுவந்தார். 1970 ஜனவரியில், புகழேறிய பிறகும், தமக்கு அண்ணன் முறையான வோங் ஷுன் லியுங் என்பவருக்கு நன்றி சொல்லிக் கடிதம் எழுதினார். நாட்குறிப்பில் இன்று இத்தனை குத்து, இத்தனை உதை என்று எண்ணிக்கை எழுதி வைப்பதும் அவர் பழக்கம். அந்த ஏடுகள் இன்றும் இருக்கின்றன.

அதே 1970-இல் நடந்த ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு நாள் உடலைச் சரியாகச் சூடேற்றாமல் பளு தூக்கப் போய் முதுகில் பலத்த காயமடைந்து பல மாதம் படுத்துவிட்டார். அத்தகைய உடலுக்கே அந்தக் கதி. தனியே பயில்கிறவனைத் தடுக்க அண்ணன் இல்லை, நிறுத்து என்று சொல்ல ஆசிரியர் இல்லை. ஆகையால் விடுதி அறையில் வெறுங்கையால் சுவரைக் குத்துவது, நீண்ட நாள் இடைவெளிக்குப் பின் முதல் நாளே உயர உதைப்பது ஆகியவற்றை அருள்கூர்ந்து விட்டுவிடுங்கள்.

அப்படியானால் தனியே எதைச் செய்வது? முதல் வரிசையான 'சியு நிம் தாவ்' போதும். சிறு எண்ணம் என்பது அதன் பொருள். ஆட்டைத் தொடைகளுக்கிடையே இறுக்கிப் பிடித்தாற்போல் முழங்காலை உள்ளே வளைத்து நின்றால் முடியும்வரை ஓரடியும் எடுத்து வைக்க வேண்டியதில்லை. இரண்டு கட்டிலுக்கு நடுவே உள்ள இடம் போதும். சத்தமில்லை, கருவியில்லை. முதற்பகுதியை மெதுவாகச் செய்தாலும் பத்து நிமிடத்துக்குள் முடியும். ஒரு மணி நேரம் கிடைக்கும்போது செய்வோம் என்று காத்திருப்பவனுக்கு அந்த ஒரு மணி நேரம் கிடைப்பதேயில்லை. பத்து நிமிடம் கிடைக்கும். அதைக் குளிக்கப் போகுமுன் என்று கட்டிவையுங்கள். நேரத்தோடு கட்டாதீர்கள், ஏனெனில் வேலைமுறை மாறும்போது நேரமும் மாறும். குளியல் மாறாது என்று நம்புகிறோம். பெங்களூரில் குளிர்காலத்தில் எப்படியோ!

தனிப் பயிற்சியால் எது நிற்கும், எது நிற்காது என்பதையும் அறிந்திருப்பது நல்லது. வரிசை மறக்காது. நிலை கெடாது. ஆனால் சி சாவில் பெற்ற தொடுவுணர்வு முதலில் மங்கும். அது மங்குவதைக் கண்டு, எல்லாம் போயிற்று, இனி எதற்கு என்று பலர் கைவிடுகிறார்கள். அது போனதன்று, உறங்குகிறது. இங்கே வந்து சில மாலைகள் கைகோத்தால் திரும்பக் காண்கிறோம். கைப்பேசியில் படம் பிடித்து எங்களுக்கு அனுப்புங்கள். முழங்கை வெளியே போகிறதா, தோள் ஏறுகிறதா என்று பார்த்துச் சொல்ல முடியும். அழுத்தம் சரியா என்பதை மட்டும் படத்தில் பார்க்க இயலாது.

புது ஊரில் விங் சுன் இல்லை, கராத்தேயோ சிலம்பமோதான் இருக்கிறது, சேரலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகச் சேருங்கள். ஆசிரியருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சேருங்கள். அங்கே போய், எங்கள் ஊரில் இப்படிச் செய்ய மாட்டோம் என்று மட்டும் பேசாதீர்கள். விசுவாசம் என்ற பெயரில் வெறுமனே உட்கார்ந்திருப்பதைவிட இன்னொருவர் கூடத்தில் கடைசி வரிசையில் நின்று வியர்ப்பது நல்லது. இன்னும் சிலர் போதிதர்மர் காஞ்சியிலிருந்து போனவர், எல்லாம் நம்முடையதுதான் என்று பெருமை பேசுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர் பெயரோடு உடற்பயிற்சியை இணைக்கும் சீன நூல் 17-ஆம் நூற்றாண்டில் தோன்றியது என்பதே ஆய்வாளர் கருத்து. பெருமை யாருடையதாயினும் முழங்கால் நம்முடையது. வளைத்தால்தான் வளையும்.

இனி எங்கள் தங்கையரைப் பற்றி. ஆண்பிள்ளைக்கு ஊர் மாற்றம் என்றால் வேலை. பெண்பிள்ளைக்கோ பெரும்பாலும் திருமணம். எங்கள் வகுப்பில் கை மிகச் சுத்தமாக விளங்கியவர்களில் பாதிப்பேர் பெண்பிள்ளைகள். திருமணமான பின் தொடர்ந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். அவர்களுக்கு ஊக்கம் குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நாங்கள் ஒப்ப மாட்டோம். புது வீட்டில் அதிகாலை எழுந்தால் அடுப்பு, பிறகு பிள்ளை, பிறகு வேலை. கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் நின்றால் என்ன செய்கிறாள் என்ற பேச்சு. விங் சுன் என்பதே ஒரு பெண்ணின் பெயர், அவளுக்குக் கற்றுக்கொடுத்தவரும் ஒரு துறவியான பெண்ணே என்பது இக்கலையினரின் மரபுக் கதை. வரலாற்றுச் சான்று இருக்கிறதோ இல்லையோ, அப்படிச் சொல்லிக்கொள்ளும் கலையைப் பெண்பிள்ளை திருமணத்தோடு விட வேண்டும் என்பது பொருந்தவில்லை. பெண் பார்க்க வருகிறபோது சமையல், தையல், பாடல் குழு என்று சொல்கிறீர்களே, தாய்மார்களே, இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதலிலேயே தெரிந்த வீட்டில் பிறகு விளக்கம் சொல்ல வேண்டியிராது. மாமியார்மாரும் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். மருமகள் காலையில் பத்து நிமிடம் அசையாமல் நின்றால் பயப்பட வேண்டாம். அத்தைக்கு எதிராக அன்று.

இப் மேன் தம் கடைசி ஆண்டான 1972-இல், நோயால் மெலிந்திருந்த நிலையில், வீட்டிலேயே நின்று வரிசைகளைச் செய்துகாட்ட, அதை 8 மில்லிமீட்டர் படச்சுருளில் பிடித்து வைத்தார்கள். அவ்வாண்டு டிசம்பர் 2-ஆம் நாள் காலமானார். அந்தப் படத்தை எங்களிடமுள்ள கணினியில் வைத்திருக்கிறோம். அதில் வேகமில்லை, வலிமையைக் காட்டும் முயற்சியுமில்லை. ஃபோஷானில் சிறுவனாகக் கற்ற அதே வரிசை, வேறோர் ஊரின் சிறு அறையில். பார்க்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் வாருங்கள்.

வரும் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊர் திரும்புகிறவர்களுக்காக டிசம்பர் 26 முதல் புத்தாண்டுக்கு முந்திய நாள் வரை மாலை ஆறு மணிக்கு மண்டபத்தைத் திறந்து வைப்போம். சி சாவ் மட்டுமே, வேறு பாடம் எதுவும் இராது. எத்தனை ஆண்டு விட்டிருந்தாலும் வரலாம், ஏன் விட்டாய் என்று யாரும் கேட்க மாட்டோம். திருமணமான தங்கையர் கைக்குழந்தையோடு வந்தால் பார்த்துக்கொள்ள இரண்டு பாட்டிமார் இப்போதே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சாவி கோயில்பிள்ளை அண்ணனிடம் இருக்கும்.