கைமுக்கும் கண்ணாடிக் குழாயும்
(நாஞ்சில் நாட்டுக் கிராமம் ஒன்றில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியது)



எனக்கு முன் பேசிய தோழர்கள் கடவுளைப் பற்றியும் சாதியைப் பற்றியும் விரிவாகப் பேசிவிட்டார்கள். நான் கிருமியைப் பற்றிப் பேசப் போகிறேன். நான் பட்டம் பெற்றவனல்ல. எனக்குத் தெரிந்ததெல்லாம் வாசகசாலையில் படித்ததும் கண்ணால் கண்டதுந்தான். ஆகையால் நான் சொல்லுகிறேன் என்பதற்காக ஒன்றையும் நம்பிவிட வேண்டாம். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் எடுத்துக் கொள்ளுங்கள், இல்லையேல் தள்ளிவிடுங்கள்.

நமக்குப் பக்கத்திலிருக்கும் சுசீந்திரம் கோயிலில் ஒரு காலத்தில் 'கைமுக்கு' என்று ஒரு சோதனை நடந்து வந்தது. நம்பூதிரிப் பார்ப்பனர் ஒருவர்மீது விபசாரக் குற்றம் சாட்டப்பட்டால், அவர் கொதிக்கிற நெய்யில் கையை விட்டு உள்ளே கிடக்கும் சிறு உருவத்தை எடுக்க வேண்டும். பிறகு கையைத் துணியால் கட்டி வைப்பார்கள். கட்டை அவிழ்க்கும்போது புண் இல்லையானால் குற்றமற்றவர். புண் இருந்தால் குற்றவாளி. சுவாதித் திருநாள் மகாராஜா ஆண்ட காலத்தில் (1829–1846) இம்முறை ஒழிக்கப்பட்டது.

தோழர்களே! இதுவும் ஒரு சோதனைதானே என்று சிலர் கேட்கலாம். நான் திருப்பிக் கேட்கிறேன்: கொதிக்கிற நெய்க்கும் ஒருவன் நடத்தைக்கும் என்ன சம்பந்தம்? குற்றமே செய்யாதவன் என்று ஊரார் எல்லாருக்கும் தெரிந்த ஒருவனை முதலில் கைவிடச் சொல்லி, அவன் கை வேகாமல் வருகிறதா என்று பார்த்தபிறகல்லவா மற்றவனைக் கைவிடச் சொல்ல வேண்டும்? அப்படிப் பார்த்தால் சோதனையின் யோக்கியதை ஒரே நாளில் வெளுத்துப் போயிருக்குமே!

இனி உண்மையான சோதனை எப்படியிருக்கும் என்பதைச் சொல்லுகிறேன். என் மகள் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் படிக்கிறாள். அங்கே ஒருநாள் சோதனைச்சாலையைப் பார்க்கப் பெற்றோரை அனுமதித்தார்கள். நான் சும்மா போகவில்லை. அவள் சொன்னபடி, கொதிக்க வைத்துச் சுத்தம் செய்த இரண்டு புட்டிகளில் தண்ணீர் கொண்டு போனேன். ஒன்று கோயில் குளத்துத் தீர்த்தம். மற்றது என் வீட்டுக் கிணற்று நீர். தீர்த்தத்தின் யோக்கியதையைச் சந்தி சிரிக்க வைக்கலாம், நம் கிணற்றை மெச்சிக்கொள்ளலாம் என்பதுதான் என் எண்ணம். அதை மறைக்க வேண்டியதில்லை.

1884ல் கிராம் என்ற டென்மார்க் தேசத்து வைத்தியர் கிருமிகளுக்குச் சாயமேற்றிப் பிரித்துப் பார்க்கும் வழியைக் கண்டார். ஆனால் நம் குடலில் சாதாரணமாக வாழும் ஈகோலி என்னும் கிருமியும், டைபாய்டு காய்ச்சலைத் தரும் கிருமியும் அந்தச் சாயத்தில் ஒன்றுபோலவே இளஞ்சிவப்புக் குச்சிகளாகத் தெரியும். உருவத்தைக் கண்டு ஆளைச் சொல்ல முடியாது. பின் எப்படி அடையாளம் காண்பது? அது எதைத் தின்கிறது, தின்று எதைக் கழிக்கிறது என்று பார்க்க வேண்டும். கல்யாணப் பந்தியில் இரட்டைப் பிள்ளைகள் உட்கார்ந்தால் முகத்தைக் கொண்டு பிரிக்க முடியாவிட்டாலும், ஒருவன் அவியலைத் தொடமாட்டான், மற்றவன் எரிசேரியை ஒதுக்குவான் என்று இலையைப் பார்த்துச் சொல்லிவிடலாமல்லவா? அதுபோலத்தான்.

முதலில் தண்ணீரைப் பால்சர்க்கரை கலந்த திரவத்தில் விட்டு, உடம்புச் சூட்டளவில் வைத்தார்கள். அது புளித்து வாயு எழும்பிற்று. அதிலிருந்து கிருமியைப் பிரித்தெடுத்து நான்கு சோதனைகள் செய்தார்கள். முதலாவது இண்டோல். புரதத்திலுள்ள டிரிப்டோபேன் என்ற பொருளைக் கிருமி உடைத்தால் இண்டோல் உண்டாகும்; மருந்து விட்டால் மேலே சிவப்பு வளையம் தெரியும். இரண்டாவது மெத்தில் ரெட். சர்க்கரையைத் தின்று நிறைய அமிலத்தைக் கழித்திருந்தால் சாயம் சிவப்பாகவே நிற்கும். மூன்றாவது வோஜஸ்-பிராஸ்கவர். அசிட்டாயின் என்ற பொருள் உண்டாகியிருந்தால் சிவக்கும். நான்காவது சிட்ரேட். அதை மட்டுமே கரியுணவாகக் கொண்டு கிருமி பிழைத்தால் பச்சை ஊடகம் நீலமாகும். ஈகோலிக்கு முதலிரண்டு சோதனைகளும் 'உண்டு', பின்னிரண்டும் 'இல்லை'. கிளெப்சியெல்லா என்ற வேறொரு கிருமிக்குப் பெரும்பாலும் இது தலைகீழாக வரும். ஒரே ஒரு சோதனையை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது அங்கே விதி.

நான் முக்கியமாகக் கவனித்தது வேறொன்று. ஒவ்வொரு சோதனைக்கும் எங்கள் தண்ணீரின் குழாய்களோடு வேறு குழாய்களும் வைத்திருந்தார்கள். ஒன்றில் அந்தச் சோதனையில் 'உண்டு' என்று முன்னமே தெரிந்த கிருமி. ஒன்றில் 'இல்லை' என்று தெரிந்த கிருமி. ஒன்றில் கிருமியே இல்லை. தெரிந்தவை சரியாக விடை சொன்னால்தான் தெரியாததன் விடையை ஒப்புக்கொள்ளுவார்கள். தவறினால் மருந்தைக் கொட்டிவிட்டு மறுபடியும் தொடங்குவார்கள். சுசீந்திரத்து நெய்க்கு இந்தச் சோதனை வைத்தவர் யார்?

சில நாள் கழித்து மகள் முடிவைக் கொண்டுவந்தாள். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். "அப்பா, ரெண்டுலயும் ஈகோலிதான். நம்ம கெணத்துலயும் உண்டு" என்றாள்.

தோழர்களே! ஈகோலியில் பெரும்பாலான வகை நோய் தருவதில்லை. ஆனால் அது இருக்கிறதென்றால் அந்த நீரில் மலம் கலந்திருக்கிறது என்று அர்த்தம். அதே வழியாக டைபாய்டும் வாந்திபேதியும் வரக்கூடும். எங்கள் கிணற்றுக்குச் சில அடி தூரத்தில் ஒரு கக்கூஸ் குழி இருக்கிறது. அது என் வீட்டுக் குழி. தெருவிலுள்ளவர்களும் அந்தக் கிணற்றில்தான் தண்ணீர் எடுக்கிறார்கள். சென்ற மழைக்காலத்தில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்குக் கண்டபோது சிலர் கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். நான் அவர்களைப் பரிகாசம் செய்தேன். பரிகாசம் செய்துவிட்டு அதே கிணற்று நீரைக் காய்ச்சாமல் குடித்தேன். கயிற்றை நம்பியவர்களுக்கும், கிணற்றை நம்பிய எனக்கும் என்ன வித்தியாசம்? இருவரும் சோதிக்காமல் நம்பினோம்! இதை வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். இந்த மேடையிலும் சொல்லுகிறேன்.

1884ல் ராபர்ட் காக் என்ற ஜெர்மானியர் கல்கத்தாவில் வாந்திபேதிக் கிருமியைப் பிரித்தெடுத்து, ஏழைகள் புழங்கிய குளத்து நீரிலும் அதைக் கண்டார். நம் பக்கத்தில் அதற்கு அம்மன் கோபம் என்று பேர் வைத்துக் கொடை நடத்தினார்கள். அதே நாட்களில் சாதி பார்த்துக் கிணறு பிரித்தார்கள். சுசீந்திரம் கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்கே 1926ல் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது. தீட்டு, தீட்டு என்கிறார்களே, அதைக் காட்ட எந்தக் குழாயாவது நிறம் மாறியதுண்டா? மேல்சாதிக்காரன் மலம் கலந்த நீரிலும் வளையம் சிவப்புத்தான்!

படித்தவர்கள் என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. காய்ச்சல் கண்டால் மருந்துக்கடையில் கேட்டு நாலு கிருமிக்கொல்லி மாத்திரை விழுங்குகிறோமே, அதுவும் ஒருவகை மந்திரித்த கயிறுதான். வைரஸ் காய்ச்சலுக்கு அது உதவாது. மாத்திரை தின்றுவிட்டு இரத்தம் கொடுத்தால், இருக்கிற கிருமியும் சோதனையில் வளராமல் போகலாம். மிஞ்சின கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். ஆகவே முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். சோதனை வேண்டுமென்றால் அதைச் செய்த பிறகு மாத்திரையைத் தொடுங்கள்.

கடைசியாக, குடிக்கிற நீரைத் தளதளவென்று ஒரு நிமிஷமாவது கொதிக்க வையுங்கள். கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடரை அளவறிந்து போடுங்கள். குழியைத் தள்ளி வெட்டுங்கள். நான் என் குழியை மூட ஆள் சொல்லியிருக்கிறேன். மூடிய பிறகு மறுபடியும் தண்ணீரைச் சோதிப்பேன். அதன் முடிவு எனக்குச் சாதகமாயிருந்தாலும் பாதகமாயிருந்தாலும் இதே இடத்தில் வந்து சொல்லுவேன்.